பல மொழி, பல தொழில், ஒரே வகுப்பு: வடசென்னையில் கணித ஆசிரியராக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், பி.எட். படித்துக்கொண்டிருப்பவர்கள், பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே ஆசிரியர் பயிற்றுநராக விரும்புபவர்கள் ஆகியோர் பயிற்சி வகுப்புகளில் பண்பாட்டுக் கணிதம் பற்றியும் ஆசிரியர் வேலை பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள பள்ளிகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. வேலைவாய்ப்பு விவரம் மட்டும் வேண்டும் என்றால் பின்பாதிக்குப் போய்விடலாம். ஆனால் இந்த வேலை என்ன என்று தெரியாமல் அதற்கான தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பண்பாட்டுக் கணிதம் என்றால் என்ன? கணிதம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

விடை எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த விடைக்குப் பிள்ளைகள் வந்து சேரும் வழி வீட்டுக்கு வீடு மாறும்.

மீன் விற்கும் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை பாக்கிச் சில்லறை கொடுப்பதைப் பாருங்கள். 130 ரூபாய் மீனுக்கு 200 ரூபாய் நோட்டு நீட்டினால் அது கழித்துப் பார்ப்பதில்லை. “இந்தா பத்து, நூத்திநாப்பது. இந்தா பத்து, நூத்தம்பது. இந்தா அம்பது, எர்நூறு” என்று கூட்டிக்கொண்டே போய் முடித்துவிடும். அதே பிள்ளைக்குக் கரும்பலகையில் 200 − 130 என்று எழுதிக் காட்டினால், சைபரிலிருந்து மூன்று போகாதே, எங்கே கடன் வாங்குவது என்று விழிக்கும். தையல் கடை வீட்டுப் பிள்ளைக்கு அரை இஞ்ச், முக்கால் இஞ்ச், அரைக்கால் இஞ்ச் எல்லாம் டேப்பில் பார்த்துப் பழகியவை. ஆனால் பின்னங்களை ஏறுவரிசையில் எழுது என்றால் பேனா நகராது.

வீட்டிலும் தெருவிலும் தொழிலிலும் தாய்மொழியிலும் பிள்ளைகள் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கை அடையாளம் கண்டு, அங்கிருந்து பாடநூல் கணிதத்துக்கு அழைத்துப் போவதுதான் இந்தக் கற்பித்தல் முறை. பாடநூல் கணிதம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். “உன் தெருக் கணக்கே போதும், கண்ணு” என்று பிள்ளையை நடுவழியில் நிறுத்திவிட்டால் நாம் அதற்குச் செய்வது துரோகம்.

இது நிஜமாகவே ஒரு துறையா, பயிற்சி முகாம்களுக்காகக் கண்டுபிடித்த பெயரா?

துறைதான். எத்னோமேத்தமேட்டிக்ஸ் என்ற பெயரில் உலகம் முழுக்க ஆய்வு நடக்கிறது. பிரேசில் நாட்டுக் கணிதவியலாளர் உபிரட்டான் டி அம்ப்ரோசியோ 1984-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த சர்வதேசக் கணிதக் கல்வி மாநாட்டில் ஆற்றிய உரை இதற்கு ஒரு முகவரி கொடுத்தது.

ஆனால் ஆசிரியர்களிடம் பேசும்போது நான் முதலில் எடுப்பது 1985-ல் வெளியான ரெசிஃபே ஆய்வை. டெரெசின்யா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் முதலியவற்றை விற்ற, 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீதம் சரியான விடை. அதே கணக்குகளைப் பிறகு வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. ஒரு 12 வயதுப் பிள்ளையிடம், தேங்காய் ஒன்று 35, பத்து வேண்டும் என்கிறார்கள். மூன்று தேங்காய் 105 என்பது அந்தப் பிள்ளைக்கு வியாபாரத்தில் பழகிய எண். 105, 210, 315 என்று ஒன்பது தேங்காய் வரை ஏறி, இன்னும் ஒன்றைச் சேர்த்து 350 என்று முடிக்கிறது. பத்தால் பெருக்க ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லிக்கொடுத்தது அந்த நேரத்தில் கைக்கு வரவேயில்லை.

2025-ல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதையே கண்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பள்ளிக் கணக்கை ஒழுங்காகப் போடும், வேலைக்குப் போகாத பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இரு தரப்புக்கும் யாரும் வழி சொல்லித் தரவில்லை. அந்த வழியைச் சொல்லித் தருவதுதான் நம் வேலை.

இதற்கு வடசென்னை ஏன்?

ஒரே பேருந்தில் நாலு நிறுத்தம் போனால் நாலு மொழி கேட்கும் ஊர் இது. சவுக்கார்பேட்டையில் மார்வாடியும் குஜராத்தியும், மண்ணடியில் உருதுவும், ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பக்கம் தெலுங்கும் புழங்குகின்றன. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இருக்கின்றன. பெரம்பூரில் ரயில்வேயோடு வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். மணலி, எண்ணூர், செங்குன்றம் பக்கம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீன்பிடித் துறைமுகம், சரக்குப் பெட்டக லாரிகள், இரும்புக் கடைகள், அச்சகங்கள், பூக்கடைகள் என்று தொழிலுக்கும் குறைவில்லை.

இந்த மண்ணுக்குக் கணித மரபும் உண்டு. ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தது சென்னைத் துறைமுகக் கழகத்தில்தான். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் தன்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

நான் இன்னும் அதிகம் நினைத்துக்கொள்வது பி.கே.சீனிவாசனை (1924–2005). முத்தியால்பேட்டை மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். அமெரிக்காவில் ஓராண்டும் நைஜீரியாவில் ஆறு ஆண்டுகளும் கணிதம் கற்பித்துவிட்டு வந்தவர். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் பிள்ளைகளுக்காகக் கணித நூல்கள் எழுதினார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்தார். ராயபுரத்தில் 1993-ல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் மற்றும் கணிதக் கல்வி மையத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர் அவரே. ஒரு பள்ளிக் கணித ஆசிரியரின் வாழ்க்கை எவ்வளவு தூரம் விரிய முடியும் என்று யாராவது கேட்டால், வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வகுப்பில் இது எப்படி இருக்கும்? பொதுவாகச் சொல்லாமல் ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

குறை எண்களை எடுத்துக்கொள்வோம். “மைனஸும் மைனஸும் பிளஸ்” என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் பதில் வராது.

அமெரிக்கக் குடிமை உரிமைப் போராளி பாப் மோசஸ் 1980-களில் தொடங்கிய அல்ஜீப்ரா புராஜெக்ட், கறுப்பினப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க பாஸ்டனின் சுரங்க ரயில் பயணத்தைப் பயன்படுத்தியது. கணிதம் தெரியாதவர்களுக்கு நாளைய பொருளாதாரத்தில் இடமில்லை, எனவே அது வாக்குரிமை போன்ற உரிமை என்பது அவர் வாதம். அந்த ரயிலை நாம் கும்மிடிப்பூண்டி லைனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

திருவொற்றியூர் ஸ்டேஷனைச் சைபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் பக்கம் போனால் கூட்டல்: விம்கோ நகர் 1, கத்திவாக்கம் 2, எண்ணூர் 3. பீச் பக்கம் வந்தால் கழித்தல்: வ.உ.சி. நகர் −1, தண்டையார்பேட்டை −2, கொருக்குப்பேட்டை −3. இப்போது கேள்வி: தண்டையார்பேட்டையில் ஏறி எண்ணூரில் இறங்கினால் எத்தனை ஸ்டேஷன் நகர்ந்திருக்கிறோம்? பிள்ளைகள் விரல் விட்டு எண்ணி ஐந்து என்பார்கள். சேர்ந்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்தைக் கழித்து எழுதச் சொல்லுங்கள்: 3 − (−2). விடை ஐந்து என்று முன்னமே தெரியும். எனவே அந்த இரட்டைக் குறி என்ன ஆக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அடுத்து எண்ணூரிலிருந்து தண்டையார்பேட்டைக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள்: −2 − 3 = −5. தூரம் அதே ஐந்து, திசை எதிர்ப்பக்கம். மறுநாள் ஸ்டேஷன் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எண்கோட்டில் அதையே செய்ய வேண்டும். அதற்கடுத்த நாள் எண்கோடும் போய்விட வேண்டும். இந்தப் படிப்படியான விலகல்தான் முறையின் உயிர். புது ஆசிரியர்கள் பெரும்பாலும் ரயிலிலேயே தங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் வகுப்பு அங்கே கலகலப்பாக இருக்கிறது.

உயர்வகுப்புக்கு ஒன்று. காசிமேட்டு ஏலத்தில் ஒரு கூடை சங்கரா 1,400 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம், 12 கிலோ. ஐஸ் 60, ஆட்டோ 120. ஆக மொதல் 1,580. கிலோ 200-க்கு விற்றால் எப்போது மொதல் வரும்? விற்பவர்கள் யாரும் லாபம் எத்தனை சதவீதம் என்று முதலில் யோசிப்பதில்லை. “எட்டு கிலோ போனா மொதல் வந்துடும், மிச்சம் நாலு கிலோ நம்முது” என்பதுதான் அவர்கள் கணக்கு. அது 200x ≥ 1580 என்ற சமனின்மை. x 7.9-க்குக் குறையக் கூடாது. இத்தோடு விடாதீர்கள். ஐந்து கிலோ விற்றபின் வெயில் ஏறி விலை 150-க்கு இறங்கிவிட்டது என்றால்? வந்தது 1,000, வர வேண்டியது 580. இன்னும் நாலு கிலோ போக வேண்டும், கையில் நிற்கும் லாபம் மூன்று கிலோ. இதை வரைபடத்தாளில் போட்டால் ஐந்தாவது கிலோவில் கோட்டின் சாய்வு மாறுவது கண்ணுக்குத் தெரியும். சாய்வு என்ற சொல்லைப் பத்தாம் வகுப்பில் வரையறையாகக் கேட்பதற்கு முன்பே அது என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

கோலம் போட வைத்தால் போதுமா?

போட வைத்து, போட்டோ எடுத்து, சுவரில் ஒட்டுவதோடு நின்றால் அது ஓவிய வகுப்பு.

இடைப்புள்ளிக் கோலத்தை எடுங்கள். 3 புள்ளி 2 வரை வைத்தால் மொத்தம் 7. 5 புள்ளி 3 வரை என்றால் 19. 7 புள்ளி 4 வரை என்றால் 37. 9 புள்ளி 5 வரை 61. வித்தியாசம் 12, 18, 24. ஒவ்வொரு முறையும் ஆறு கூடுகிறது, கோலத்துக்கு ஆறு பக்கம் இருப்பதால். பொது வாய்பாடு 3n(n − 1) + 1 (n என்பது ‘வரை’க்கு முன்னால் வரும் எண்) என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியும். நடுப்புள்ளி ஒன்றிலிருந்து தொடங்கி இந்த மொத்தங்களை வரிசையாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 1, 8, 27, 64. கன எண்கள் வந்து நிற்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்தத் தொழிலுக்கு வரலாம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி உள்ளிட்டோர் 1970-களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து ஒரே கோடாகச் சுற்றி வரையும் சோனா வரைவுகள் நம் சிக்குக் கோலத்துக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. மொசாம்பிக்கின் பௌலஸ் கெர்டெஸ் அவற்றின் கணிதத்தை விரிவாக ஆராய்ந்தார். கோலம் போடும் வழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். மருதாணி வடிவங்கள், தரை ஓடுகள், மசூதிச் சுவரின் வடிவங்கள், கூடை முடையும் பின்னல் என எல்லாவற்றிலும் சமச்சீர்த் தன்மை கிடைக்கிறது. ஒரு சமயத்தின் வழக்கத்தை மட்டும் “நம் பண்பாடு” என்று வகுப்பில் வைக்கக் கூடாது.

இந்தி பேசும் பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

இந்தி பேசத் தேவையில்லை. ஒன்று முதல் நூறு வரை அந்தப் பிள்ளை எப்படி எண்ணுகிறது என்று மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.

தமிழில் இருபத்தொன்று என்றால் இருபது முதலில் வரும். இந்தியில் இக்கீஸ் என்னும்போது ஒன்றுக்கான ஒலி முன்னால் வருகிறது. அதனால் சில பிள்ளைகள் 12 என்று எழுதிவிடும். 29 என்பதை அவர்கள் முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற கணக்கில் உன்தீஸ் என்பார்கள். காதில் தீஸ், அதாவது முப்பது விழுவதால் 39 என்று எழுதும் பிள்ளையும் உண்டு. இதைத் தெரியாத ஆசிரியர் “இடமதிப்பே வரல” என்று முடிவு கட்டிவிடுவார். தெரிந்தவருக்கு ஒரு வாரம் எண் அட்டையோடு உட்கார்ந்தால் சரியாகிவிடும் விஷயம் இது. நம் பிள்ளைகளும் எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறில் தடுக்குவார்கள்தானே, நூறு என்று காதில் விழுவதால்.

மறுபக்கம் அவர்களிடம் ஒரு பலமும் உண்டு. ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். பின்னம் நடத்தும் அன்று அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், வகுப்பில் அதுவரை வாய் திறக்காதது பேசும். நம்மிடம் மா, காணி, முந்திரி என்று 320-ல் ஒரு பங்கு வரை பெயர் இருந்ததையும் அன்றே சொல்லிவிடலாம்.

பிள்ளையின் வீட்டுத் தொழிலை வகுப்பில் எடுத்தால் சாதி வெளியே வந்துவிடாதா?

வரும். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இதுதான்.

“உங்க அப்பா என்ன வேலை?” என்று நாற்பது பேர் முன்னால் கேட்பது நம் ஊரில் சாதாரணக் கேள்வி ஆகாது. துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை, குப்பை பிரிக்கும் குடும்பத்துப் பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? கற்பித்தல் பயிற்சிக்குப் போன ஒரு மாணவி நல்லெண்ணத்தோடு இந்தக் கேள்வியை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை “தெரியாது மிஸ்” என்றது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளை கிடையாது.

நான் பயிற்சியில் சொல்வது இவ்வளவுதான். தொழிலைத் தெருவிலிருந்து எடுங்கள், பிள்ளையிடமிருந்து எடுக்காதீர்கள். ஏலம், சரக்குப் பெட்டகம், முழம் போட்டு விற்கும் பூ, கிரவுண்ட் கணக்கில் விற்கும் மனை எல்லாம் எல்லோரும் பார்ப்பவை. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இதில் ஒரு வாரத்துக்கான பரப்பளவுக் கணக்கு இருக்கிறது, யார் வீட்டையும் கேட்க வேண்டியதில்லை. தானாக முன்வந்து சொல்லும் பிள்ளையின் அறிவை மதித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மறுநாளும் மீன் கணக்கு வந்தால் அந்தப் பிள்ளையையே பார்க்காதீர்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் கணக்கு, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு என்று பிரித்துக் கொடுத்தால் பள்ளியே குலத்தொழில் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

இதெல்லாம் செய்தால் போர்ஷன் முடியுமா?

எல்லாப் பாடத்துக்கும் செய்தால் முடியாது, செய்யவும் வேண்டாம். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களில் மட்டும் செய்யுங்கள்: இடமதிப்பு, பின்னம், குறை எண்கள், விகிதம், எழுத்தை எண்ணாகப் பார்க்கும் இயற்கணிதத் தொடக்கம். அங்கே செலவிடும் நாட்கள் பின்னால் மிச்சமாகும். பத்தாம் வகுப்பில் ஜனவரிக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

வேதக் கணிதமும் இதுவும் ஒன்றா?

இல்லை. 1965-ல் வெளியான ஒரு நூலின் வழியாகப் பரவிய குறுக்குவழிகள் அவை. வேதங்களில் அவை காணப்படவில்லை என்று கணிதவியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். வேகமாகப் பெருக்க உதவினால் பயன்படுத்துங்கள். பண்பாட்டுக் கணிதம் என்ற பெயரில் நடத்த வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். என்ன படிக்க வேண்டும்?

எந்த வகுப்புக்குக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒன்று முதல் ஐந்து வரை என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம், பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். அதில் 150 கேள்விகள், கணிதத்துக்கு 30. பி.எட். இருந்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர் பணி. பி.எஸ்சி. கணிதம், இரண்டாண்டு பி.எட்., தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வு. இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 மதிப்பெண், எனவே கணிதப் பட்டதாரிகள் அறிவியலை விட்டுவிடக் கூடாது. தகுதித் தேர்வுச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

பதினொன்று, பன்னிரண்டுக்கு எம்.எஸ்சி., பி.எட்., முதுநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு.

மனம் திறந்து சொல்வதானால், பண்பாட்டுக் கணிதத்துக்கு மிகப் பெரிய தேவை முதல் பிரிவில்தான் இருக்கிறது, நல்ல கணிதப் பட்டதாரிகள் யாரும் அங்கே போக விரும்புவதில்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் தொடங்கியதே ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எண்ணறிவு கொரோனா காலத்தில் சரிந்ததால்தான். வாய்ப்பு இருந்தால் சின்ன வகுப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

பல ஆண்டுகளாக வேலையில் இருக்கிறேன். தகுதித் தேர்வு எனக்கும் உண்டா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்குத் தேர்ச்சி தேவை. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வடசென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய என்பதால் அந்த வழக்கைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு எப்படிப் போவது?

மூன்று வாசல்கள் இருக்கின்றன. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகலாம். இதற்கும் பட்டதாரி ஆசிரியருக்கான அதே தகுதிதான். வாரம் முழுக்கப் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பைப் பார்ப்பது, ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவது வேலை. இரண்டாவது, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர். மூன்றாவது, கல்வியியல் கல்லூரி. அதற்கு எம்.எஸ்சி. கணிதத்தோடு எம்.எட். தேவை. மேலே போக நெட் அல்லது செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வோ பிஎச்.டி.யோ வேண்டும்.

சென்னையில் அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் பழமையானது சைதாப்பேட்டையில் உள்ளது. அது 1856-ல் வேப்பேரியில் தொடங்கியது. பெண்களுக்குக் காமராஜர் சாலையில் லேடி வில்லிங்டன் கல்லூரி இருக்கிறது. கணிதக் கல்வியில் ஆய்வு செய்ய விரும்பினால் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைப் பாருங்கள். கல்வியியல் முதுகலைக்கு பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஆசிரியர் கல்விக்கு மைசூருவின் மண்டலக் கல்வி நிறுவனம்.

ஒரு வேண்டுகோள்: குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது பிள்ளைகளுக்கு நடத்திவிட்டுப் பயிற்றுநராகுங்கள். விதி அப்படிக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் நேற்று எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் திணறிவிட்டு வந்த ஒரு டீச்சர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் அந்த அறையில் நின்றவரா இல்லையா என்பது அவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பி.எட்.டில் இதைச் சொல்லித் தருவார்களா?

பல கல்லூரிகளில் ஓர் அலகுக்குள் ஒரு பத்தியாக வந்து போகும். கைக்கு வருவது கற்பித்தல் பயிற்சிக் காலத்தில்தான். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் இருப்பீர்கள். பாடத்திட்டக் குறிப்பேடு எழுதி கையெழுத்து வாங்குவதிலேயே அதைத் தீர்த்துவிட வேண்டாம். தவறான விடை எழுதிய பிள்ளைகளில் வாரம் ஒருவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். “தப்பு” என்று சொல்லாமல் “எப்படிக் கண்ணு போட்ட, எனக்குச் சொல்லு” என்று கேட்டு, அது சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். பதினாறு வாரத்தில் சேரும் அந்த நோட்டு, எந்தப் பாடநூலும் உங்களுக்குத் தராத ஒன்றாக இருக்கும்.

சம்பளம்?

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அண்மைய அறிவிப்புகளில் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், முதுநிலை ஆசிரியருக்கு 36,900, ஒன்று முதல் ஐந்து வரை நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600. அகவிலைப்படி முதலியவை தனி. சின்ன வகுப்புக்குப் போங்கள் என்று மேலே சொன்னேன். அந்த வேலைக்குத்தான் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்பது நியாயமே இல்லை. இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுவதற்குக் காரணமும் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் பள்ளிக்குப் பள்ளி மாறும், பெரும்பாலும் மிகக் குறைவு. சேரும் முன் கோடை மாதச் சம்பளம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அரசு வேலை கிடைக்கும் வரை என்ன செய்வது?

மாலை நேர மையங்கள், தொண்டு நிறுவனங்களின் கணித வகுப்புகள், பதிப்பகங்களுக்குப் பயிற்சித் தாள் எழுதுவது ஆகியவை கிடைக்கும். டியூஷன் எடுக்கலாம், ஆனால் ஒரே பள்ளியின் ஒரே வகுப்புப் பிள்ளைகளாகச் சேர்க்காதீர்கள். வெவ்வேறு மொழி, வெவ்வேறு பாடத்திட்டப் பிள்ளைகள் கலந்து இருந்தால் உங்களுக்கும் பயிற்சி. டிசம்பர் 22 தேசியக் கணித தினத்தை ஒட்டிப் பள்ளிகள் ஆள் தேடும். ரயில் பாடம் ஒன்று, கோலப் பாடம் ஒன்று தயாராக வைத்திருந்தால் போய் நடத்திவிட்டு வரலாம்.

எனக்கு 42 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பி.எஸ்சி. கணிதம் படித்து இருபது வருஷம் ஆகிறது. இனி வர முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு வயது வரம்பு 2023-ல் உயர்ந்தது: பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. பி.எட். இரண்டு ஆண்டு, தேர்வுகளுக்கு ஒன்றிரண்டு ஆண்டு என்று வைத்தாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மறந்த கணிதம் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தால் சில மாதங்களில் திரும்பும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிதானா, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வருகைப்பதிவு தேவையில்லை, தேர்வு எழுதினால் போதும் என்று சொல்லும் கல்லூரி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். அந்தப் பதினாறு வாரத்தை அங்கே இழந்துவிடுவீர்கள்.